விண்ட்சர்ஃபிங் பாயை உள்ளேயிருந்து உலர்த்த ஒரு குழாய்

விண்ட்சர்ஃபிங் பாயை (பலகையில் நின்று காற்றின் விசையில் ஓட்டும் விளையாட்டுக்கான பாயை) தொட்டுப் பார்த்துவிட்டு “காய்ந்துவிட்டது” என்று முடிவு கட்டக் கூடாது. நம் கை போவது நடுவில் இருக்கும் தெளிவான படலத்தின் மேல்தான். அது காற்றில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தண்ணீர் தங்குகிற இடங்கள் வேறு: மாஸ்ட் (பாயைத் தாங்கும் கம்பம்) நுழைகிற நீண்ட உறை, பாய்க்கு விறைப்புத் தரும் பேட்டன் குச்சிகள் போகும் பைகள், அடிமூலைக் கப்பியை மூடியிருக்கும் ஃபோம் திண்டு, பிறகு பாயைப் போட்டு வைக்கிற பையே கூட. இவை கண்ணுக்குத் தெரியாத இடங்கள் என்பதால், மேலே மொடமொடவென்று காய்ந்த பாயைச் சுருட்டிப் பையில் போட்டு ஜிப்பை இழுக்கும்போது, உள்ளே ஒரு குவளைத் தண்ணீரையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறோம்.

இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டது, பழையதாக வாங்கிய ஒரு 6.2 சதுர மீட்டர் பாய். விரித்துப் பார்த்தபோது படலம் தெளிவாக இருந்தது, தையல் ஒன்றும் விட்டிருக்கவில்லை, பேட்டன்கள் நேராக இருந்தன. மாஸ்ட் உறையின் வாயைத் திறந்ததும் புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு முழ உயரம் வரைக்கும் சாம்பல் கலந்த கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. அதற்கு மேல் ஒவ்வொரு பேட்டனும் உறையைச் சந்திக்கும் இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாக. தையல் மடிப்பில் மணல் ஒட்டிக் கிடந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்தாலே பாயின் வரலாறு தெரிந்துவிடும். சுருட்டி, பையோடு நிமிர்த்தி, ஒரு மூலையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வடிந்த தண்ணீரெல்லாம் அடியில் போய்த் தேங்கியிருக்கிறது. பேட்டன் முனைகளில் துணி இரண்டு மூன்று மடிப்பாக இருப்பதால் அங்கே ஈரம் போகவே இல்லை.

உறைக்கும் படலத்துக்கும் இந்த வேறுபாடு ஏன் என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். இரண்டும் ஒரே பொருள். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியெஸ்டர்தான் இரண்டுக்கும் மூலம். நூலாக இழுத்து நெய்தால் டேக்ரான் துணி. தகடாக இழுத்து நீட்டினால் மைலார் வகைப் படலம், அதாவது நாம் மோனோஃபிலிம் என்று சொல்வது. இரண்டு படலங்களுக்கு நடுவில் நூல் வலையை வைத்து ஒட்டினால் எக்ஸ்-பிளை. பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது. சாதாரணச் சூழலில் அது தன் எடையில் 0.4 விழுக்காடு அளவுதான் ஈரம் பிடிக்கும். ஆகவே டேக்ரானில் நிற்கிற தண்ணீர் இழைக்குள் போனது கிடையாது, இழைகளுக்கு நடுவிலும் துணி மடிப்புகளுக்கு இடையிலும் மாட்டிக்கொண்டது. காற்று பட்டால் போய்விடும். உறைக்குள் காற்று படுவதில்லை என்பதுதான் மொத்தச் சிக்கலும். நாலரை மீட்டர் நீளம், ஒரு பக்கம் வாய், மறுபக்கம் கிட்டத்தட்ட மூடிய முனை, நடுவில் பூம் (ஓட்டுபவர் பிடித்துக்கொள்ளும் சட்டம்) மாட்டுவதற்கு ஒரு திறப்பு. இப்படிப்பட்ட ஒன்றை வெயிலில் போட்டாலும் உள்ளே ஆவியான தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மேல்பக்கத்திலேயே படிந்து நிற்கும்.

உப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உறையில் ஒரு லிட்டர் தங்கி வற்றினால் அந்த 35 கிராமும் துணியிலேயே நிற்கும். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். உப்போடு காய்ந்த பாய், பையில் கிடக்கும்போதே மறுபடி நசநசத்துப் போவது இதனால்தான். கடலோரக் காற்றில் உப்புப் பாயை எத்தனை நாள் விரித்து வைத்தாலும் அது முழுதாகக் காயாது. “அலசத் தேவையில்லை, காய வைத்தால் போதும்” என்று பழகியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஏரியிலும் ஆற்றிலும் ஓட்டுபவர்களுக்கு அது சரி. கடலில் ஓட்டுபவர்களுக்கு அலசல்தான் உலர்த்தலின் முதல் பாதி என்பது என் உறுதியான கருத்து.

அலசுவதற்குப் பாயைக் கழற்றும் வரிசையிலிருந்தே கவனம் வேண்டும். முதலில் அவுட்ஹாலை (பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் கயிறு) தளர்த்தி, பூமைக் கழற்றி, அதன் பிறகு டவுன்ஹாலை (பாயை மாஸ்டின் அடிக்கு இழுக்கும் கயிறு) விட வேண்டும். டவுன்ஹால் விட்டதும் பாய் தொளதொளத்துப் படபடக்கத் தொடங்கும். மோனோஃபிலிமுக்கு அந்தப் படபடப்பு பெரிய எதிரி. ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நிமிர்ந்தால் முதலில் வெள்ளைக் கோடு விழும், பிறகு அந்தக் கோட்டிலேயே கிழியும். மாஸ்ட் பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் டவுன்ஹாலைத் தொடுவேன். காம்பர் (மாஸ்டைக் கவ்விப் பாயின் வளைவைத் தாங்கும் துண்டு) உள்ள பாயாக இருந்தால் உறையின் பக்க ஜிப்பைத் திறந்து காம்பர்களை மாஸ்டிலிருந்து பிரித்த பிறகே மாஸ்டை உருவ வேண்டும். மணல் புகுந்து மாஸ்ட் இறுகியிருந்தால் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. பூம் திறப்பு வழியாகத் தண்ணீர் ஊற்றி மணலைக் கரைத்து இறக்கினால் தானாக வழுக்கி வரும்.

அலசும்போது ஹோஸை உறையின் அடிவாயில் செருகிப் பீய்ச்சுவதுதான் வழக்கம். அது மணலை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே போன மணல் தலைமுனையில் போய் அடைந்துகொள்ளும். அடுத்த முறை மாஸ்ட் முனை அதன் மேலேயே போய் அமரும். நான் தலைப்பகுதியை உயரத்தில் கட்டிவிட்டு, முடிந்த அளவு மேலே போய், பூம் திறப்பின் மேல்பாதி வழியாக ஹோஸை மேல்நோக்கி ஒரு முழம் நுழைத்துத் திறந்துவிடுவேன். மேலே போன தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கி அடிவாய் வழியாக வெளியேறும். முதலில் கலங்கலாக வரும், பிறகு மணல், பிறகு தெளியும். தெளிந்த தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். உப்புக் கரித்தால் இன்னும் கொஞ்சம் விடுவேன். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

அழுத்தத்தோடு பீய்ச்சும் வண்டி கழுவுகிற இயந்திரம் வேண்டாம். தையல் துளைகளை அகலமாக்கும், எக்ஸ்-பிளையின் ஒட்டு ஓரங்களைக் கிளப்பிவிடும். சுடுதண்ணீரும் வேண்டாம். அடிமூலைக் கப்பிகளின் உருளைகளை விரலால் சுழற்றிக்கொண்டே தண்ணீர் காட்ட வேண்டும். அங்கே ஒரு மணல் துகள் நின்றால் அடுத்த முறை டவுன்ஹால் கயிற்றைத்தான் அறுக்கும்.

பழைய பாயின் கறுப்புப் புள்ளிகளுக்கு மென்மையான பிரஷ், வெதுவெதுப்புக்கூட இல்லாத சாதாரணத் தண்ணீர், காரம் குறைந்த சோப்பு. வாடை போய்விட்டது, பூஞ்சையின் பொடி போய்விட்டது, கறை முழுதாகப் போகவில்லை. போகாது என்பது தெரிந்ததுதான். பிளீச்சிங் திரவத்தை நான் எடுக்கவில்லை. பாலியெஸ்டர் அதைத் தாங்கினாலும், எக்ஸ்-பிளைக்குள் சில பாய்களில் ஓடும் அராமிட் நூல்கள், கெவ்லர் என்று நாம் அறிந்த வகை, குளோரின் பட்டால் வலுவிழக்கும். கறையோடு ஒரு பாய் பல பருவங்கள் ஓடும்; வலுவிழந்த நூலோடு ஓடாது.

இனி குழாய்.

யோசனை எளிமையானது. உறைக்குள் காற்று போகாததுதான் சிக்கல் என்றால், காற்றை உள்ளே கொண்டுபோய் விட வேண்டும். அதோடு, மாஸ்ட் இருந்த இடத்தில் ஒரு குழாய் இருந்தால் அதையே கொடியாகக் கட்டிப் பாயை அதிலேயே தொங்கவிடலாம். ஒரே குழாய் இரண்டு வேலை.

32 மில்லிமீட்டர் பிவிசி குழாய் எடுத்தேன், சுவர் கனம் 2 மில்லிமீட்டர். மெல்லிய மாஸ்டுக்கான உறையிலும் இது தாராளமாகப் போகும். 1.8 மீட்டர் துண்டுகள் இரண்டு, நடுவில் ஓர் இணைப்பு. இணைப்பைப் பசை போட்டு ஒட்டவில்லை. பிரித்து எடுத்து வைக்க வசதியாக இருக்கட்டும் என்று வெறுமனே செருகினேன். இணைப்பின் விளிம்பு துணியில் மாட்டாமல் இருக்க அரத்தால் சரிவாகத் தேய்த்து, மேலே ஒரு சுற்று டேப் போட்டேன். தலைப்பக்க முனைக்கு மூடி. அந்த மூடியின் விளிம்பையும் உருட்டையாகத் தேய்க்க வேண்டும். உறையின் மேல்பகுதி குறுகிக்கொண்டே போவதால் கூர் விளிம்பு இருந்தால் அங்கே குத்தும். 3.6 மீட்டர் குழாய் தலைமுனை வரை எட்டாது, எட்ட வேண்டியதும் இல்லை.

துளைகளில்தான் கொஞ்சம் கணக்கு போட வேண்டியிருந்தது. இஷ்டத்துக்கு நிறையத் துளை போட்டால், காற்று முதல் சில துளைகளிலேயே வெளியேறிவிடும். தலைப்பக்கத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. துளைகளின் மொத்தப் பரப்பு, குழாயின் குறுக்குப் பரப்பைவிடக் குறைவாக இருந்தால் குழாய்க்குள் அழுத்தம் நின்று, காற்று கடைசி வரை ஓரளவு சமமாகப் பிரியும். குழாயின் உள்விட்டம் 28 மில்லிமீட்டர். பரப்பு 616 சதுர மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் துளை ஒன்றின் பரப்பு 19.6. முப்பது துளைகள் போட்டால் 589. எல்லைக்குள் நிற்கிறது. அடிவாய்ப் பக்கம் 30 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, மீதி நீளத்தில் 11 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் என மாற்றி மாற்றிப் போட்டேன். டிரில் போட்ட பிறகு ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பிசிறு நிற்கும். அதை உப்புத்தாளால் வழித்து, பிறகு பழைய நைலான் துணி ஒன்றைக் குழாய் முழுக்க உருவிப் பார்த்தேன். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே இன்னும் ஒரு முறை. இந்தச் சோதனையை விட்டுவிட்டால் உறையின் உள்நூல் ஒவ்வொன்றாக இழுபடும்.

காற்றுக்கு, கணினியில் இருக்கும் தட்டை விசிறி சரிப்படாது. அது திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும். குழாய் போன்ற தடை எதிரே வந்தால் அழுத்தம் கொடுக்க முடியாமல் அப்படியே சுழன்றுகொண்டு நிற்கும். நத்தைக்கூடு வடிவில் இருக்கும் 12 வோல்ட் புளோயர் வேண்டும். அதன் வாய் சதுரம், குழாய் வட்டம்; நடுவில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டிப் பொருத்தி டேப்பால் இறுக்கினேன். 12 வோல்ட்டில் ஓடுவது இன்னொரு வகையிலும் நல்லது: ஈரமான இடத்தில் வேலை செய்யும்போது வீட்டு மின்சாரம் பாய்க்குப் பக்கத்தில் வர வேண்டியதில்லை. அடாப்டர் எட்டத்தில், சுவரோடு இருக்கும்.

சூடு மட்டும் கூடவே கூடாது. தலைமுடி உலர்த்தும் கருவியைக் குழாயில் செருகினால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். பாலியெஸ்டர் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கும்போதே தன் விறைப்பை இழக்கத் தொடங்கும். வெட்டித் தைத்த வளைவும் இழுவிசையும் சேர்ந்துதான் பாய்க்கு வடிவம் தருகின்றன. சூட்டில் இளகிச் சுருங்கினால் அந்த வடிவத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. எக்ஸ்-பிளையின் ஒட்டுப்பசையும் சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகை 70 டிகிரியைத் தாண்டுவது உண்டு என்பதால், ஈரப் பாயைக் காருக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போவதையும் நான் இதே கணக்கில்தான் வைக்கிறேன்.

தொங்கவிடும் முறை இப்படி. அலசி முடித்ததும் அடிவாயைத் தாழ்த்திப் பிடித்து, உறையைக் கையால் மேலிருந்து கீழாக உருவி வடித்துவிட வேண்டும். வடிக்காமல் குழாயை நுழைத்தால் தண்ணீர் புளோயருக்குள் இறங்கும். பிறகு குழாயை நுழைத்து, மூன்று இடத்தில் கூரைக் கொக்கியில் கட்ட வேண்டும்: அடிவாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒன்று, பூம் திறப்பில் தெரியும் குழாயில் ஒன்று, தலைமுனைப் பட்டை வளையத்தில் ஒன்று. நடுக்கட்டு இல்லாவிட்டால் பிவிசி குழாய் பாயின் எடைக்கு வில்லாக வளைந்துவிடும். பூம் திறப்பு சரியாக அந்த இடத்தில் இருப்பது நம் நல்ல நேரம்.

இப்படித் தொங்கவிட்டதில் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பலன் பேட்டன் பைகளில் கிடைத்தது. குழாய் கிடையாக இருப்பதால் பாய் கீழ்நோக்கித் தொங்குகிறது, பேட்டன்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன, அவற்றின் பின்முனைகள் கீழே பார்க்கின்றன. தொங்கவிட்டுச் சற்று நேரத்தில், பேட்டனை இறுக்கும் திருகுகளின் அடியில் சொட்டு கட்டுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டு பெருத்து, விழுந்து, மறுபடி பெருக்கும். பாயைத் தரையில் விரித்துக் காய வைக்கும் வரைக்கும் இந்தத் தண்ணீர் வெளியே வந்ததே இல்லை. குழல் பேட்டன் உள்ள பாயாக இருந்தால், பாயை மெல்ல ஆட்டிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அந்த ஒரு பேட்டனை உருவி வடித்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி.

புளோயரைப் போட்டதும் பூம் திறப்பருகே மணிக்கட்டின் உள்பக்கத்தைக் காட்டினால் குளிர்ச்சியான காற்று வருவது தெரியும். அறைக் காற்றைவிட அது குளிர்ந்திருப்பதற்குக் காரணம், உள்ளே தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதுதான். அந்தக் குளிர்ச்சி இருக்கும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அடிவாயைச் சுற்றியுள்ள இடைவெளியைத் துணி வைத்து அடைக்கக் கூடாது; உள்ளே போன காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வர இரண்டு பக்கமும் வழி வேண்டும்.

மணிக்கட்டுச் சோதனை தோராயமானது. உறுதி செய்ய ஒரு சிறிய ஈரப்பதமானியைப் பூம் திறப்பின் உதட்டில் கட்டிவிடுகிறேன், இன்னொன்று அறையில். தொடக்கத்தில் திறப்பிலுள்ளது அறையைவிட நன்றாக மேலே காட்டும். இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்து, அப்படியே நின்றால் உறை காய்ந்துவிட்டது. பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசிலும் பார்க்கலாம்: நன்றாகக் காய்ந்த நிலையில் பாயின் எடையை ஒரு முறை எடுத்து, தலைப்பகுதியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தால் போதும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலத் தோன்றும் பாய், அந்த எண்ணைவிடக் கனமாகத் தொங்குவதைத் தராசில் பார்த்த பிறகு, கையை நம்ப யாருக்கும் மனம் வராது. எடை பார்க்கும்போது பை, திண்டு, கயிறு எல்லாவற்றையும் தனியாக எடுத்துவிட வேண்டும்.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். காற்றே ஈரமாக இருந்தால் இந்தக் குழாய் பெரிதாக ஒன்றும் செய்யாது. கடலோர இரவுகளில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்குப் பக்கம் போகும்போது, புளோயர் ஈரக் காற்றையே உறைக்குள் சுற்றவிடும். பகலில், ஈரப்பதம் இறங்கிய நேரத்தில், நிழலில் ஓட்ட வேண்டும். இரவில் அலசி வைத்தால் வடியவிட்டுத் தொங்கவிட்டுப் படுத்துவிடலாம். காலையில் காற்று காய்ந்த பிறகு புளோயரைப் போட்டால் போதும்.

நிழல் என்று சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். வெயிலில் விரித்தால் படலம் சீக்கிரம் காயும் என்பது உண்மை, ஆனால் படலம் எப்படியும் காய்ந்துவிடும். வெயில் சேர்ப்பது புற ஊதாக் கதிரை மட்டும்தான். மோனோஃபிலிம் பழுப்பேறி, பால் கலந்தது போல மங்கி, விரலால் அழுத்தினால் நொறுங்குகிற நிலைக்கு வருவதற்கு முதல் காரணம் அதுதான். ஓட்டும்போது படும் வெயிலைத் தவிர்க்க முடியாது. உலர்த்தும்போது படும் வெயிலைத் தவிர்க்கலாம். அதேபோல், காற்றடிக்கும் திறந்தவெளியில் தலைமுனையில் கட்டிக் கொடியாகப் பறக்கவிடுவதும் வேண்டாம். காய்வது என்னவோ வேகமாகத்தான், அதோடு பின்விளிம்பும் சேர்ந்து சாகும்.

திண்டு தனி விஷயம். அடிமூலைக் கப்பியை மூடும் அந்த ஃபோம் திண்டு வெல்க்ரோவில் நிற்கும். கழற்றி, பிழிந்து, தனியே கொடியில் மாட்டிவிட வேண்டும். பாய் காய்ந்த பிறகும் அது ஈரமாகவே இருக்கும். அதைப் பாயோடு சேர்த்துச் சுருட்டினால், சுருளின் வெளிச்சுற்றில் அந்த ஒரு இடத்திலிருந்து ஈரம் பரவும்.

சுருட்டுவதற்கு முன் பாயை விரிக்கும் இடத்தைத் துடைக்க வேண்டும். ஒரு கூழாங்கல் துணுக்கு சுருளுக்குள் போனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளி குத்தும். தலைமுனையில் தொடங்கி அடிவிளிம்பை நோக்கி, பேட்டன்களுக்கு இணையாக, படுக்கும் பாயைச் சுருட்டுவது போலத்தான். முதல் சுற்றை மட்டும் அவசரப்படாமல் அகலமாக வைக்க வேண்டும். தலைப்பகுதியில் குட்டி பேட்டன்கள் இருக்கும், படலமும் அங்கே கனம். இறுக்கிச் சுருட்டினால் அங்கே மடிப்பு விழும். நான் ஒரு பழைய துண்டைச் சுருட்டி நடுவில் வைத்து அதன் மேல் தொடங்குகிறேன். சுருள் கைக்கு அடங்குகிற இறுக்கம் போதும், நடுவில் முஷ்டி நுழைய வேண்டும். காம்பர் உள்ள பாய் மாஸ்ட் பக்கம் தடித்துக்கொண்டே வரும். அந்தப் பக்கத்தைப் பலவந்தமாகச் சமன் செய்ய வேண்டாம், கூம்பாகவே சுருளட்டும். ஒரு காம்பர் இன்னொன்றின் மேல் ஏறாமல் பக்கத்தில் அமருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கடைசிச் சுற்றில் கப்பியின் உலோகம் படலத்தின் மேல் அழுந்தாமல், காய்ந்த திண்டை நடுவில் கொடுத்து மூட வேண்டும்.

கரையில், காற்றில் சுருட்ட வேண்டி வந்தால் தலைமுனையைக் காற்று வரும் பக்கம் வைத்துத் தொடங்குங்கள். சுருளின் கனம் முன்விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், காற்று அடியில் புகாது. தனி ஆளாகச் சுருட்ட இதுதான் வசதி.

நீண்ட நாள் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டன் திருகுகளை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி வைக்கிறேன். இறுக்கமாகவே மாதக்கணக்கில் கிடந்தால் பையின் தையல் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த முறை பாயை மாட்டும்போது பேட்டன் பைக்குக் குறுக்கே சிறு சுருக்கங்கள் தெரிந்தால் தளர்வாக இருக்கிறது என்று பொருள்; சுருக்கம் மறையும் வரை திருகினால் போதும்.

பையை யாரும் அலசுவதில்லை. ஈரமும் உப்புமான பாயை ஒரு தடவை போட்டு எடுத்தாலே பை உப்பாகிவிடும். பிறகு எத்தனை சுத்தமான பாயைப் போட்டாலும் பையிலிருந்து ஈரம் திரும்பப் போகும். பையை உள்வெளியாகப் புரட்டி, பாயோடு சேர்த்து அலசி, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். அடிப்பக்கம் வலைத்துணி உள்ள பை நல்லது. அப்படி இல்லாத பைக்கு, ஜிப்பைக் கடைசி ஒரு சாண் திறந்து வைத்தால் காற்று போகும்.

அடுக்கும் இடத்துக்குச் சுவரில் மூன்று மரத் தாங்கிகள் அடித்தேன், தரையிலிருந்து உயரத்தில், படுக்கை வாட்டில். தாங்கியின் மேல்பக்கம் ஓர் அங்குல விளிம்பு அளவுக்குக் குறுகலாக இருந்தால் சுருளின் எடை முழுதும் அந்தக் கோட்டிலேயே இறங்கும். அதனால் அரை வட்டமாக வெட்டிய தடித்த பிவிசி குழாய்த் துண்டை ஒவ்வொன்றின் மேலும் திருகினேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாய்க்கு மேல் வைப்பதில்லை. அடியில் இருப்பது தட்டையாகி இரண்டு பக்கமும் மடிப்புக் கோடு விழும். உயரத்தில் வைப்பதற்கு எலியும் ஒரு காரணம். சுருட்டிய பாயின் நடுப்பொந்து அவற்றுக்குக் கூடு கட்ட வாகான இடம். முதல் சுற்றில் வைக்கும் துண்டு அந்தப் பொந்தையும் அடைத்துவிடுகிறது.

குழாய் உறைக்குள் இருக்கும் நேரத்தை மாஸ்டுக்குச் செலவிடலாம். இரண்டு துண்டுகளும் சேரும் இடம், அடியில் அலுமினிய எக்ஸ்டென்ஷன் (மாஸ்டின் நீளத்தைக் கூட்டும் துண்டு) செருகும் இடம், இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசிப் பிரித்தே வைக்க வேண்டும். கார்பன் மாஸ்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம் அரிக்கும். அரித்த வெள்ளைப் பொடி பெருத்து இரண்டையும் பிரிக்க முடியாமல் இறுக்கிவிடும்.

ஒட்டு வேலை ஏதாவது இருந்தால் அதற்கும் சரியான நேரம் பாய் முழுதாகக் காய்ந்த இதே நேரம்தான். படலத்தில் சின்னத் துளை இருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, பாய்க்கான ஒட்டுப்படலத்தை மூலைகளை வட்டமாக வெட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி ஒட்ட வேண்டும், இரண்டு பக்கமும். கூர் மூலை இருந்தால் அங்கிருந்துதான் கிளம்பத் தொடங்கும். உப்பு ஒட்டிய படலத்தில் எந்த ஒட்டும் நிற்காது. அந்தப் பழைய 6.2-இல் அடிவிளிம்புக்கு அருகே இருந்த இரண்டு குத்துத் துளைகளை இப்படித்தான் மூடினேன். ஓட்டிப் பார்த்ததில் ஓரங்கள் கிளம்பவில்லை.

குழாயில் இன்னும் செய்ய வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. அகலமான உறை உள்ள பந்தயப் பாய்களில் காற்று குழாயை ஒட்டியே ஓடிவிடுகிறது. உறையின் பின்பக்க மடிப்பு, அதாவது காம்பர்கள் உட்காரும் பக்கம், கடைசியாகத்தான் காய்கிறது. அடுத்து ஒரு குழாய் செய்யும்போது துளைகளை இரண்டு பக்கமும் மாற்றிப் போடாமல், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டு, அந்த வரிசையைப் பின்பக்க மடிப்பைப் பார்க்கும்படி திருப்பி வைக்கப் போகிறேன். குழாய் உள்ளே திரும்பிவிடாமல் இருக்க, அடிவாய்க்கு வெளியே தெரியும் முனையில் துளை வரிசைக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போட்டால் போதும்.